திருவான்மியூர் மாடியில் மஞ்சள் பீட்ரூட்: இரண்டு தோல்விக்குப் பிறகு ஒரு அறுவடை

2023 டிசம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. மிக்ஜாம் புயலின் மழை ஓய்ந்து ஆறு நாள் ஆகியிருந்தது. திருவான்மியூரில் சித்தி வீட்டு மாடிக்கு ஏறினேன். ஆறு வளர்ப்புப் பைகள் வரிசையாக நின்றன. மேல்மண் மழையில் அடிபட்டு சிமென்ட் பூசியதுபோல் இறுகியிருந்தது. ஒரு பையிலும் செடி இல்லை.

"ஏம்மா, சென்னை வெயிலுக்கு இது வராதுன்னு எல்லாரும் சொன்னாங்க. நான்தான் கேக்கல" என்றார் சித்தி.

அவருக்கு வயது 61. பத்து வருடமாக மாடித்தோட்டம் போடுகிறார். கத்திரி, வெண்டை, புடலை, ஐந்தாறு வகைக் கீரை எல்லாம் அவர் கையில் தழைத்து வரும். அப்படிப்பட்டவர் 35 விதை போட்டு ஒரு கிழங்குகூட எடுக்கவில்லை என்பதை வெயிலின் மேல் பழியைப் போட்டுவிட்டு விட எனக்கு மனம் வரவில்லை. மூன்று மாதம் வாராவாரம் அந்த மாடிக்குப் போய் ஒவ்வொன்றையும் எண்ணிக் குறித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். சென்னையில் மஞ்சள் பீட்ரூட் போட்டுத் தோற்றவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள். அவர்கள் தோற்றதும் பெரும்பாலும் சித்தி தோற்ற இடத்தில்தான், அதாவது முதல் பதினான்கு நாளில்தான் இருக்கும் என்று நம்புகிறேன்.

முதலில், ஏன் மஞ்சள்? சித்திக்கு பீட்ரூட் பொரியல் பிடிக்கும். ஆனால் சில மாதங்களுக்கு முன் ஒருநாள் சாப்பிட்ட மறுநாள் காலை சிறுநீர் சிவப்பாகப் போக, பயந்து மருத்துவரிடம் ஓடினார். பரிசோதனையில் ஒன்றும் இல்லை. பீட்ரூட்டின் சிவப்பு நிறமி சிலருக்கு உடலில் முழுவதும் சிதையாமல் அப்படியே வெளியேறும், ஆபத்தில்லை என்று விளக்கி அனுப்பினார்கள். விளக்கம் புரிந்தாலும் பயம் போகவில்லை. பீட்ரூட் வாங்குவதையே நிறுத்திவிட்டார். பெங்களூரில் இருக்கும் மகள், சிவப்பே இல்லாத மஞ்சள் பீட்ரூட் ஒன்று உண்டு என்று சொல்லி இணையத்தில் ஒரு பாக்கெட் விதை வாங்கி அனுப்பினாள். கோயம்பேட்டில் ஊட்டி, ஓசூர் பக்கமிருந்து வரும் சிவப்பு பீட்ரூட் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். மஞ்சளை அங்கே நான் பார்த்ததில்லை. ஆகவே விதைதான் வழி.

முதல் இரண்டு முறை நடந்தது என்ன

சித்தி நாள்காட்டியிலேயே குறித்து வைத்திருந்ததால் தேதிகள் துல்லியமாகக் கிடைத்தன. முதல் விதைப்பு அக்டோபர் 16. இருபது விதை. செம்மண், கோகோபீட் எனும் தேங்காய் நார்த்தூள், மண்புழு உரம் சம பங்கு. ஒரு விரல்கணு ஆழத்தில் ஊன்றி, காலை மாலை பூவாளியால் போர் தண்ணீர். பன்னிரண்டு நாளில் மூன்று முளை வந்தது. மூன்றும் தண்டின் அடியில் நூல் கட்டி இறுக்கியதுபோல் மெலிந்து சாய்ந்துவிட்டன. அது நாற்றழுகல். ஈரம் காயாத மண்ணில் பித்தியம், ரைசோக்டோனியா போன்ற பூஞ்சைகள் செய்கிற வேலை.

இரண்டாவது விதைப்பு நவம்பர் 18. பதினைந்து விதை. நான்கு முளைத்தன. நவம்பர் கடைசியிலேயே மழை பிடித்துக்கொண்டது. டிசம்பர் 3, 4 தேதிகளில் புயல் மழை அந்த நான்கையும் மண்ணோடு கரைத்துவிட்டது. சித்தி வீட்டில் மின்சாரம் இல்லை, தெருவில் முழங்கால் தண்ணீர். அந்த இரண்டு நாளில் யார் மாடிக்குப் போய்ப் பையை நகர்த்துவார்கள்?

இந்த இரண்டு கணக்கையும் பார்த்ததும் எனக்கு ஒன்று உறுத்தியது. அழுகலும் புயலும் முளைத்த ஏழைத்தான் கொன்றன. மீதி இருபத்தெட்டு விதை முளைக்கவே இல்லையே? அக்டோபரில் சென்னை மண் நல்ல சூடு. பீட்ரூட் விதை முளைக்க சூடு தடையே இல்லை. மண் 25 டிகிரிக்கு மேல் இருந்தாலும் விரைவாக முளைக்கும். குளிர் தேவைப்படுவது பின்னால், கிழங்கு திரளும்போதுதான். எனவே 'வெயிலுக்கு வராது' என்ற தீர்ப்பு இந்த இருபத்தெட்டுக்குப் பொருந்தாது.

விதை என்று நாம் சொல்வது விதை இல்லை

பீட்ரூட் விதையைக் கையில் எடுத்தால் சுண்டைக்காய் விதைபோல் இருக்காது. சொரசொரப்பாக, கோணல் மாணலாக, மிளகைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டையாக இருக்கும். அது தனி விதை அல்ல. இரண்டு, மூன்று, சில சமயம் ஐந்து பூக்கள் காய்க்கும்போதே ஒன்றோடொன்று ஒட்டி, தக்கைபோன்ற ஓட்டுக்குள் உறைந்த கொத்து. ஒரு உருண்டை போட்டால் இரண்டு மூன்று செடி வருவதற்குக் காரணம் இதுதான். அந்தத் தக்கை ஓட்டில் முளைப்பைத் தடுக்கும் பொருட்களும் இருக்கின்றன. அவை தண்ணீரில் கரையக்கூடியவை. காட்டுச்செடியாக இருந்த காலத்தில் இது ஒரு பாதுகாப்பு: ஒரு தூறலுக்கு ஏமாந்து முளைத்துவிடாமல், ஓட்டைக் கழுவும் அளவுக்கு நல்ல மழை பெய்த பிறகே முளைக்கும். மாடித்தோட்டத்தில் பூவாளியால் தெளிக்கிற தண்ணீர் அந்தப் பொருட்களை ஓட்டிலிருந்து கழுவிக் கொண்டுபோவதில்லை. விதையைச் சுற்றியே தேங்க வைக்கிறது.

சிவப்புக்கும் இதே ஓடுதான். ஆனால் மஞ்சள் ரகங்கள் முளைப்பில் சிவப்பைவிடப் பின்தங்கியவை என்பது அதை வளர்ப்பவர்களிடம் பழகிப்போன விஷயம். பர்பீஸ் கோல்டன் என்ற பழைய ரகத்துக்கு இந்தக் குறை பேர்போனது. டச்ஸ்டோன் கோல்டு போன்ற பிந்தைய ரகங்கள் முளைப்பு மேம்பட்டவை என்று சொல்லியே விற்கப்படுகின்றன. சித்தியின் பாக்கெட்டில் ரகத்தின் பெயரே இல்லை. 'கோல்டன் பீட்ரூட், 50 விதை' என்று மட்டும் அச்சிட்டிருந்தது. பொதி செய்த தேதியும் இல்லை. இந்த இரண்டும் இல்லாத விதைப் பாக்கெட்டை வாங்காதீர்கள் என்று இப்போதெல்லாம் கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

அதோடு இன்னொன்றும் தெரியவந்தது. ஜூன் மாதம் வந்த பாக்கெட், அக்டோபர் வரை சமையலறை ஜன்னல் திண்டில், அடுப்புக்கு இரண்டடி தள்ளி இருந்திருக்கிறது. தினமும் சோறு வடிக்கிற ஆவி, குழம்பு கொதிக்கிற ஆவி. உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் வைத்தால் பீட்ரூட் விதை நான்கைந்து வருடம்கூட உயிரோடு இருக்கும். கடலோரச் சென்னையின் ஈரக்காற்றும் அடுப்புச் சூடும் சேர்ந்தால் அதே விதைக்கு நான்கு மாதமே நீண்ட காலம்.

சமையலறையில் ஒரு சின்னச் சோதனை

பழைய பாக்கெட்டில் பதினைந்து உருண்டை மிச்சம். ரகப் பெயரும் தேதியும் போட்ட புதுப் பாக்கெட் ஒன்று வாங்கினேன், ஐம்பது உருண்டை. அதோடு சாதாரண சிவப்பு பீட்ரூட் விதை ஒரு பாக்கெட். சிவப்பை ஏன் சேர்த்தேன் என்றால், அதே வீடு, அதே தண்ணீர், அதே சூட்டில் சிவப்பும் முளைக்கவில்லை என்றால் குறை இடத்தில். சிவப்பு முளைத்து மஞ்சள் முளைக்கவில்லை என்றால் குறை விதையில். மண்ணையே ஒதுக்கிவிட்டு, நான்கு டிபன் டப்பாவில் ஈர டிஷ்யூ பேப்பர் விரித்து டிசம்பர் 12 அன்று ஆரம்பித்தோம்.

சித்தி வீட்டு போர் தண்ணீர் கொஞ்சம் உப்பு. கடற்கரையிலிருந்து நடந்து போகும் தூரம்தான், இருக்காதா. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 1450 காட்டியது. குடிக்க வாங்கும் கேன் தண்ணீர் 60.

முதல் டப்பாவில் பழைய மஞ்சள் பதினைந்து, போர் தண்ணீர். இரண்டாவதில் புது மஞ்சள் பதினைந்து, அதே போர் தண்ணீர், ஊறவைக்காமல். மூன்றாவதில் புது மஞ்சள் பதினைந்து. இதை மட்டும் டீ வடிகட்டியில் போட்டு குழாயடியில் பத்து நிமிடம் கழுவி, பிறகு பன்னிரண்டு மணி நேரம் கேன் தண்ணீரில் ஊறவைத்து, நடுவில் மூன்று முறை தண்ணீரை மாற்றினோம். ஊறவைத்த தண்ணீர் முதல் இரண்டு முறையும் வெளிர் டீ நிறத்தில் வந்தது. நான்காவதில் சிவப்பு பதினைந்து, போர் தண்ணீர், ஊறவைக்காமல்.

முளைத்தவற்றை எண்ணியபோது பழைய மஞ்சளில் 2, ஊறவைக்காத புது மஞ்சளில் 6, கழுவி ஊறவைத்ததில் 11, சிவப்பில் 12.

சித்தி மூன்றாவது டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுங்களுக்கு முதல்ல குளிப்பாட்டணும், அவ்வளவுதானா?" என்றார். அதற்குமேல் தெளிவாக என்னால் சொல்ல முடியாது.

ஆனால் ஒரு பிழை செய்திருந்தேன். மூன்றாவது டப்பாவில் கழுவுவதையும் தண்ணீரையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டேன். பலன் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மிச்சமிருந்த இருபது உருண்டையை இரண்டாகப் பிரித்தோம். இருபதையும் கழுவி ஊறவைத்தோம். பத்துக்கு முழுக்க போர் தண்ணீர், பத்துக்கு முழுக்க கேன் தண்ணீர். போர் தண்ணீரில் 6, கேன் தண்ணீரில் 8. பத்து விதைக் கணக்கை வைத்து ஊருக்கெல்லாம் விதி எழுத முடியாது. அந்த மாடிக்கு எங்கள் முடிவு இது: கழுவுவது முதல் வேலை, நல்ல தண்ணீர் அதற்கு அடுத்தது.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிழக்குக் கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்கள் எல்லோருக்கும் இதுதான் கவலை. பீட்ரூட்டின் மூதாதை ஐரோப்பிய, மத்தியதரைக் கடலோரங்களில் உப்புக்காற்றில் வளரும் ஒரு காட்டுக்கீரை. அந்த ரத்தம் இன்னும் ஓடுகிறது. காய்கறிகளில் உப்பை நன்றாகத் தாங்குகிற ஒருசிலவற்றில் பீட்ரூட்டும் ஒன்று. கேரட்டும் பீன்ஸும் இதற்குப் பக்கத்தில் வர முடியாது. ஆனால் முளைக்கிற நேரத்தில் மட்டும் அந்தத் தாங்கும் சக்தி குறைவு. எனவே முளைத்து நான்கு இலை விடும்வரை கேன் தண்ணீரோ, மெட்ரோ தண்ணீரோ, பிடித்து வைத்த மழைநீரோ கொடுத்துவிட்டு, பிறகு போர் தண்ணீருக்கு மாறலாம். இருபது செடிக்கு முதல் இரண்டு வாரத்துக்கு மொத்தமாக ஒரு கேன் போதுமானதாக இருந்தது. சென்னைக்கு ஒவ்வாத பயிர் என்று ஒதுக்குகிறோமே, நம் ஊர் போர் தண்ணீரைக் குடித்து வளரக்கூடிய கிழங்கு இது. இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே ஒரு சந்தோஷம் வருகிறது.

மார்கழியில் நட்டது

டிசம்பர் 18, மார்கழி 2. வேர் அரை அங்குலம் எட்டாத, நன்றாக முளைத்த 24 உருண்டைகளைத் தேர்ந்தெடுத்து ஆறு பைகளில் பைக்கு நாலாக நட்டோம். பை பதினைந்து அங்குல அகலம், பன்னிரண்டு அங்குல உயரம். பழைய கலவையையே கொட்டி உதிர்த்து, கோகோபீட்டின் பங்கைக் கூட்டினோம். புதுக் கோகோபீட்டை மூன்று முறை தண்ணீரில் அலசிப் பிழிந்துதான் சேர்த்தோம். மலிவான கட்டிகளில் உப்பு அதிகம் இருக்கும், அதுவும் சின்ன முளைக்கு எதிரி. நாற்றழுகல் பூஞ்சைகளை அடக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி ஒரு கைப்பிடி கலந்தோம்.

ஆழம் ஒன்றரை சென்டிமீட்டர், அதற்குமேல் இல்லை. முன்பு சித்தி ஒரு விரல்கணு ஊன்றினார், அது அதிகம். விதைக்கு மேலே செம்மண்ணே படவில்லை. அலசிய கோகோபீட்டை மட்டும் மெல்லத் தூவினோம். செம்மண் காய்ந்தால் ஓடு கட்டும், மஞ்சள் பீட்ரூட்டின் மெல்லிய முளைக்கு அதை முட்டித் திறக்கத் தெம்பு இல்லை. மேலே ஈரக் கோணிச்சாக்கு. இரண்டாம் நாளே முளை தலைகாட்டியதும் சாக்கை எடுத்துவிட்டு ஒரு ஆளுயரத்தில் நிழல்வலை கட்டினோம், பத்து நாளுக்கு. காலையில் ஒருவேளை மட்டும் தண்ணீர். மாலையில் ஊற்றினால் இரவு முழுக்க ஈரம் நிற்கும். அக்டோபரில் அழுகலுக்கு வழிவிட்டது அந்த மாலைத் தண்ணீர்தான்.

டிசம்பர் 28இல் 24இல் 21 உருண்டை செடியாக நின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று தண்டு. இங்கேதான் சித்திக்கும் எனக்கும் சின்ன மனத்தாங்கல். ஒரு கொத்தில் ஒன்றை மட்டும் விட்டு மற்றதை எடுக்க வேண்டும் என்றேன்.

"இவ்வளவு பாடுபட்டு முளைச்சத நீயே கிள்ளிப் போடச் சொல்றியாம்மா?"

"ரெண்டும் ஒட்டி நின்னா ரெண்டுமே சுண்டைக்காய் சைஸுக்கு நின்னுடும் சித்தி."

அவர் மனசில்லாமல்தான் கத்தரிக்கோலை வாங்கினார். பிடுங்கக் கூடாது, மண்மட்டத்தில் கத்தரிக்க வேண்டும். கொத்தின் வேர்கள் பின்னிக் கிடப்பதால் ஒன்றை இழுத்தால் பக்கத்ததும் ஆடிவிடும். கத்தரித்த குருத்துகளை அன்றைக்கே பருப்பில் போட்டுக் கடைந்தார். பாலக்கீரை ருசி. பாலக்கும் பீட்ரூட்டும் ஒரே குடும்பம்தானே.

ஒரு செடி சிவப்பாக வந்தது

மஞ்சள் பீட்ரூட்டின் நாற்றைத் தண்டைப் பார்த்தே கண்டுகொள்ளலாம். தண்டு எலுமிச்சை மஞ்சளாக இருக்கும். இருபது செடி அப்படித்தான் இருந்தன. மூன்றாவது பையில் ஒன்று மட்டும் நல்ல சிவப்புத் தண்டு. நான் சோதனைக்கு வைத்த சிவப்பு விதை கலந்துவிட்டதோ என்று சித்தி சந்தேகப்பட்டார். சிவப்பு முளைகளைத் தனியாக ஒரு தொட்டியில் போட்டிருந்தேன், அதனால் அப்படி இருக்க வழியில்லை.

காரணம் விதை உற்பத்தியான வயலில் இருக்கிறது. பீட்ரூட்டின் மகரந்தம் காற்றில் பறக்கும், நெடுந்தூரம் போகும். மஞ்சள் வயலுக்கு எட்டிய இடத்தில் சிவப்பு பீட்ரூட்டோ அதன் உறவோ பூத்திருந்தால் கலப்பு நடந்துவிடும், சிவப்புதான் மேலோங்கும். அது ஏன் என்பதும் அழகான விஷயம். பீட்ரூட்டுக்கு நிறம் தருபவை பீட்டாலெய்ன் எனும் நிறமிகள். சிவப்பில் பீட்டாசயனின், மஞ்சளில் பீட்டாசாந்தின். இரண்டும் ஒரே மூலப்பொருளிலிருந்து கிளம்புகின்றன. சிவப்புக்குத் திருப்பிவிட ஒரு நொதி வேண்டும். அந்த நொதிக்கான மரபணுவை 2012இல் டெக்சாஸ் பல்கலைக்கழகக் குழு கண்டறிந்து வெளியிட்டது. அந்த மரபணு பழுதான செடி, சிவப்புக்குப் போக முடியாமல் மஞ்சளிலேயே நிற்கிறது. நாம் விரும்பிப் பயிரிடும் தங்க நிறம் அப்படி நின்றுபோன நிறம்தான். வேறு செடியின் மகரந்தத்திலிருந்து நல்ல மரபணு ஒன்றே ஒன்று வந்து சேர்ந்தாலும் போதும், சிவப்பு திரும்பிவிடும்.

இதே நிறமிக் குடும்பம் நம் தெருவிலேயே இருக்கிறது. காகிதப்பூ, கோழிக்கொண்டை, அந்திமந்தாரை, சப்பாத்திக்கள்ளிப் பழம், சித்தி வளர்க்கும் சிவப்புத் தண்டுக்கீரை எல்லாம் பீட்டாலெய்ன்தான். அந்திமந்தாரையில் ஒரே செடியில் மஞ்சளும் சிவப்பும் பூப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை புரிவது சுலபம்.

இலை பெருத்தது, கிழங்கு திரளவில்லை

ஜனவரி மூன்றாவது வாரம் செடிகள் முழங்கால் உயரம். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. மண்ணைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தால் கிழங்கு சுண்டுவிரல் பருமன்தான். என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். வாரம் இரண்டு முறை கடலைப்பிண்ணாக்குக் கரைசல். கீரைக்குப் பழகிய கை அது. தழைச்சத்து கூடினால் செடி இலையிலேயே செலவழிக்கும், கீழே சேமிக்காது. அன்றோடு நிறுத்தினோம். நிழலும் ஒரு காரணம். பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி நிழல் இரண்டு பைகளில் மதியத்துக்குமேல் விழுந்தது. தை மாத வெயில் இளசானது, அதை முழுதாகக் கொடுக்க வேண்டும். பைகளை ஆறடி நகர்த்தினோம்.

சாம்பல் சத்து (பொட்டாஷ்) வேண்டும் என்று யாரோ சொல்லி, சித்தி ஒரு பையில் விறகுச் சாம்பலை இரண்டு கை போட்டுவிட்டார். அந்தப் பையில் பின்னால் எடுத்த கிழங்கு ஒன்றை நறுக்கியபோது உள்ளே கறுப்பாக, தக்கைபோல் திட்டுகள் இருந்தன. அது நோய் அல்ல, போரான் எனும் நுண்சத்தின் பற்றாக்குறை. பீட்ரூட்டுக்குப் போரான் கொஞ்சம் தூக்கலாகவே வேண்டும். போர் தண்ணீரில் ஏற்கெனவே காரத்தன்மை. அதன்மேல் சாம்பலும் சேர்ந்தால் மண்ணில் போரான் இருந்தும் வேரால் எடுக்க முடியாது. மற்ற பைகளுக்கு லிட்டருக்கு ஒரு கிராம் போராக்ஸ் கரைத்து ஒரே ஒரு முறை இலைமேல் தெளித்தோம். போரானுக்கு அளவு மிகக் குறுகியது, கொஞ்சம் கூடினாலும் நஞ்சு. கண்ணளவில் போடாமல் தராசில் நிறுத்துப் போடுங்கள்.

பூச்சி பெரிதாக இல்லை. கீரையில் வரும் கூடுகட்டும் புழு இதிலும் வந்து இலையை மடித்து நூல் கட்டியது. காலையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டே சித்தி அவற்றை நசுக்கிப் போட்டார். எலி இரண்டு கிழங்கைக் கடித்துவிட்டது. ஒன்று அழுகியது.

அறுவடையும் பங்குனி வெயிலும்

பிப்ரவரி 25, நட்ட 69ஆம் நாள். பதினொரு கிழங்கு எடுத்தோம். பெரியது 185 கிராம், சிறியது 70. வெளித்தோல் ஆரஞ்சு கலந்த பழுப்பு, நறுக்கினால் உள்ளே பழுத்த எலுமிச்சையின் மஞ்சள், வளையம் வளையமாக. மிச்சம் ஆறை இன்னும் பெருக்கட்டும் என்று சித்தி விட்டுவைத்தார். மார்ச் 17இல் அவற்றை எடுத்தபோது எடை கூடியிருந்தது, ஆனால் நறுக்கிய முகத்தில் மஞ்சளுக்கு இடையே வெள்ளை வளையங்கள், நார். மாசி பாதிக்குமேல் சென்னையில் சூடு ஏறிவிடும். பங்குனியில் பகல் 33 டிகிரிக்குக் குறையாது. அந்தச் சூட்டில் திரளும் பகுதியில் நிறமியும் சர்க்கரையும் சரியாகச் சேர்வதில்லை. பெரிதாகட்டும் என்று காத்திருப்பதில் இங்கே லாபமே இல்லை. எலுமிச்சம்பழம் அளவைத் தாண்டியதும் எடுத்துவிட வேண்டும். பதினேழும் சேர்த்து 1 கிலோ 640 கிராம்.

முதல் நாளே பொரியல். தோலோடு வேகவைத்து, பிறகு தோல் உரித்தால்தான் நிறம் நிற்கும். பச்சையாக நறுக்கி வைத்தால் வெட்டுமுகம் பழுப்பாகிவிடுகிறது. ஒரு மூடி எலுமிச்சை பிழிந்தால் தாமதமாகும். கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், தேங்காய்த்துருவல். பரங்கிக்காய் பொரியலோ என்று தோன்றும் நிறம், வாயில் வைத்தால் பீட்ரூட்டின் இனிப்பு. பீட்ரூட்டைக் கண்டாலே 'மண்ணு வாசனை' என்று ஓடும் பேரன் ஒரு கிண்ணம் சாப்பிட்டான். அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது: முதல் மழையில் மண் கிளம்புகிற வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின்தான் பீட்ரூட்டிலும் இருக்கிறது. மஞ்சளில் அந்த வாசனை எங்கள் எல்லோருக்கும் மட்டாகவே தெரிந்தது. மீதியைத் தயிர்ப்பச்சடி செய்தார். தயிர் வெள்ளையாகவே இருந்தது, லேசான மஞ்சள் ஓரத்தோடு. மறுநாள் காலை சித்தி எனக்குப் போன் செய்து, "ஒண்ணும் இல்லம்மா, சாதாரணமாத்தான் இருக்கு" என்றார். எதைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

அடுத்த வருடமும் செய்து பார்த்தோம்

ஒரு பருவத்தை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்பதால் 2024இல் இருமுறை திரும்பச் செய்தோம். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற வாக்கின்படி ஜூலை கடைசியில் பத்து உருண்டை, கழுவி ஊறவைத்து. முளைப்பு அருமை, பத்துக்கு எட்டு. அப்புறம் இரண்டரை மாதம் இலை மட்டுமே கிடைத்தது, கிழங்கு ஒன்றுகூடக் கோலிக்குண்டைத் தாண்டவில்லை. ஆடிப்பட்டம் வெண்டைக்கும் அவரைக்கும் சரி, இதற்குச் சரியில்லை. ஆனால் இந்தத் தோல்வியில் ஒரு விஷயம் தெளிவானது: வெயில் தடுப்பது கிழங்கைத்தான். முளைப்பைக் கெடுத்தது வேறு.

இரண்டாவது முறை, நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து மழை தணிந்தபின், டிசம்பர் 8 அன்று. இருபது உருண்டையில் பதினைந்து நாற்றாகின. இந்தமுறை நான் ஒருநாள்கூடப் போகவில்லை, எல்லாம் சித்தியே. கார்த்திகை மூன்றாம் வாரத்திலிருந்து மார்கழி முதல் வாரம் வரைதான் சென்னைக்கு விதைக்கும் நேரம் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். அதற்கு முன் போட்டால் வடகிழக்குப் பருவமழையின் அடியில் மாட்டும், தள்ளிப் போட்டால் கிழங்கு திரளும் வேளையில் மாசி வெயிலில் மாட்டும். இடையில் கிடைப்பது மூன்று வாரம்.

விதையை வீட்டிலேயே எடுத்துவிடலாம் என்ற ஆசையில், முதல் பருவத்தின் 21இல் ஒரு செடியைச் சித்தி தொடாமல் விட்டிருந்தார். பீட்ரூட் இரண்டாண்டுப் பயிர். பூக்க வேண்டுமானால் நடுவில் பல வாரங்கள் நல்ல குளிர் படவேண்டும். ஜனவரி இரவிலேயே சூடு 20 டிகிரியை ஒட்டி நிற்கும் நம் ஊரில் அந்தக் குளிருக்கு எங்கே போவது? நான் சொன்னேன், அவர் இருந்தும் விட்டுவைத்தார். சித்திரை வரை அது நின்றது. இலை கிழிந்தது, மறுபடி துளிர்த்தது, பூத்தண்டு மட்டும் வரவே இல்லை. பிடுங்கியபோது கிழங்கு 410 கிராம், அரிவாள்மனையில் வைத்து இரண்டு கையாலும் அழுத்த வேண்டியிருந்தது. பார்த்துவிட்டு உரத்தொட்டியில் போட்டார். அடுத்த பருவத்துக்கு வாங்கிய பாக்கெட்டைக் காற்றுப்புகாத கண்ணாடி பாட்டிலில் ஒரு பிடி வறுத்து ஆறிய அரிசியோடு போட்டு, ஃபிரிட்ஜ் கதவில், ஊறுகாய்க்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.